உதடு மட்டும்

ஐலெர்ட் எப்போதும் என் இடப்பக்கம் நிற்பான்.
எத்தனை சோப்பு போட்டாலும் போகாத காட் மீன் வாடை.
பள்ளி விட்டதும் துறைமுகக் கொட்டகையில்
தலை தலையாய் எடுத்து
நாக்கு அறுக்கும் பிள்ளைகளில் ஒருவன்.
கிலோவுக்கு இத்தனை குரோனர் என்று கூலி.

ஈஸ்டருக்கு ஒரு பாட்டு பழகினோம்.
சின்னப் பாட்டு, பல் விழுந்த வாய்க்கும் வரும்:
நான் சிறிசு, கர்த்தருக்கு என்னைத் தெரியும்.
அவ்வளவுதான் அதில் இருந்தது.

ஐலெர்ட் வாய் திறந்தால்
ராகம் கயிறு அறுந்த படகாகிவிடும்.
போர்கில்ட் டீச்சர் ஆர்மோனியத்தை நிறுத்தினார்.
"நீ உதட்டை மட்டும் அசை, கண்ணு."
அன்பாகத்தான் சொன்னார்.
அது இன்னும் மோசம்.

நான் சிரித்தேன்.
என் குரலை லோஃபோட்டன் தீவு முழுக்க மெச்சிய காலம்.
கர்த்தர் முன்வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்து
என்னை மட்டும் கேட்கிறார் என்று நம்பியிருந்தேன்.
பக்கத்தில் ஒருவன்
தரையில் போட்ட மீனைப் போல
வாயைத் திறந்து திறந்து மூடினான்.

நாற்பத்தோரு வருடம் போயிற்று.
ட்ரொம்சோ ஆஸ்பத்திரியில் என் கழுத்தில் கத்தி வைத்தார்கள்.
கட்டி போனது,
கூடவே குரலும்.
மிச்சம் கொஞ்சம் காற்று.

போன ஞாயிறு
யாரோ பெற்ற பிள்ளைக்கு ஞானஸ்நானம்.
கடைசி பெஞ்சில் ஒதுங்கினேன்.
அதே பாட்டை எடுத்தார்கள்.
எனக்கு உதடு மட்டும் அசைந்தது.

பெஞ்சு முனையில் ஐலெர்ட்.
இப்போது சொந்தப் படகு, நரைத்த தாடி, அதே வாடை.
பாடினான் பாருங்கள்!
தண்ணீர் பட்டும் அழாத குழந்தை
அவன் குரலுக்குத் திரும்பிப் பார்த்து விக்கித்தது.
எவருக்கும் அஞ்சாமல், எந்தச் சுருதியிலும் நில்லாமல்
சிறிசு நான், சிறிசு நான் என்று
ஆறடி மனிதன்.

நடுவில் என் பக்கம் பார்த்தான்.
என் உதட்டைப் பார்த்தான்.
பரிதாபப்படவில்லை. தோளைத் தொடவில்லை.
வேகத்தை மட்டும் குறைத்தான்.
சபை ஒரு வரி முன்னே போயிற்று.
அவன் என் உதட்டுக்காகக் காத்திருந்து காத்திருந்து
பின்னால் வந்தான்.

பாடத் தெரிந்தால் என்றொரு நிபந்தனை
அந்தப் பாட்டில் எங்குமே இல்லை.
ஆயிரம் தடவை பாடியிருக்கிறேன்,
கவனித்ததில்லை.

வெளியே காயவைத்த மீன்கள்
தலையில்லாமல், நாக்கில்லாமல், ஜோடி ஜோடியாய்த் தொங்கி
காற்றில் ஒன்றையொன்று தட்டிக்கொண்டிருந்தன.
அதிலும் தாளம் இல்லை.
ஐலெர்ட் சாவியைத் தேடிக்கொண்டே
அடுத்த ஞாயிறும் வருவாயா என்றான்.
காற்றால் ஆம் என்றேன்.
அவனுக்குக் கேட்டது.