களைக்கு ஒரு வேலி

மேட்டூரில் கதவு திறக்க இன்னும் பத்தொன்பது நாள்.
தலைஞாயிறு தாண்டி என் மதகுக்கு வந்து சேர
அதற்கு மேலும் பத்தோ பதினைந்தோ.
கடைமடை லஸ்கருக்குக் கணக்கு இப்படித்தான்:
அங்கே பூத்தூவி விழா,
இங்கே போனில் தகவல்.

மதகுக்கு மூன்று பலகை.
பலகைக்கு முன்னே முந்நூறு அடிக்கு
வாய்க்கால் என்று சொல்ல ஒன்றுமில்லை.
பச்சை.
தரையென்று நம்பி இறங்கிய ஆடு
பாதியில் அமிழ்ந்து கத்திய பச்சை.

பெயர்களைப் பாருங்கள்.
சீமைக் கருவைக்கு எந்தச் சீமை, தெரியாது.
நெய்வேலிக்கும் அந்தக் காட்டாமணக்குக்கும்
என்ன உறவென்று நெய்வேலிக்காரரைக் கேட்டாலும் விழிப்பார்.
ஆகாயத்திலிருந்தா விழுந்தது இந்தத் தாமரை?
இது தாமரையும் இல்லை.
எங்கள் பக்கம் வெங்காயத்தாமரை என்போம்,
பிதுக்கிப் பார்த்தால் உள்ளே காற்று.
கேட்காமல் வந்ததற்கெல்லாம்
நாங்களே ஒரு விலாசம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் பதினோரு பேர்.
வாட்ஸப்பில் கட்டைவிரல் காட்டியவர்கள் நூற்று நாற்பது.
பஞ்சர் கடை ஹாஜா மைதீன்,
இறால் குட்டை வைத்து நொடித்த வீரசேகரன்,
நூறு நாள் வேலைக் கணக்கில் இது வராதென்று தெரிந்தும்
அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்த செங்கமலவல்லி.

இழுத்தோம். இலை வந்தது, வேர் நின்றது.
அரிவாள் போட்டோம். ஒன்று மூன்றானது.

நடவுக்கு வந்து மோட்டார் கொட்டகையில் தங்கியிருந்த
வங்காளத்துக்காரர் சுகுமார் மண்டல்
பீடியை அணைத்துவிட்டு இறங்கினார்.
"கொச்சூரிபானா" என்றார்,
ஊர்ச் சொந்தக்காரனைச் சந்தையில் கண்டதுபோல.
மூங்கிலைக் குறுக்கே போட்டு
இரு கரையிலும் கயிறு பிடித்து
பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக் காட்டினார்.
தமிழில் அவருக்குத் தெரிந்தது நாலு சொல்:
நாத்து, கூலி, சோறு, மெதுவா.
அன்றைக்கு மெதுவா போதுமானதாக இருந்தது.

மதியத்துக்குள் தண்ணீர் தெரிந்தது.
கறுத்து, நாறி,
ஆனாலும் தண்ணீர்.

வளைவில் செங்கமலவல்லி கையைத் தூக்கினார்.
அடுத்துச் சுருட்டவிருந்த பாயின் நடுவே
தாழைக்கோழிக் கூடு.
ஆறு முட்டை. பழுப்புப் புள்ளி. இன்னும் சூடு.
தாழை போய்விட்ட கரையில்
அது வேறெங்கே வைக்கும்?

பேச்சு தடித்தது.
ஒரு கொத்து விட்டால் மறுபடி முழு வாய்க்காலும் மூடும்,
வீரசேகரன் சொன்னதில் பொய்யில்லை.
ஹாஜா ஒன்றும் பேசாமல் கடைக்குப் போய்
பழைய லாரி டியூப் இரண்டு கொண்டுவந்தார்.
ஒட்டு மேல் ஒட்டு. காற்றடைத்து,
பிணைத்து, கொத்தைச் சுற்றி மிதக்கவிட்டு,
முளையடித்துக் கட்டினோம்.
பயிருக்கு வேலி போட்டே பழகிய ஊரில்
களைக்கு வேலி.
சுகுமார் மட்டும் சிரித்தார்.

காட்டாமணக்கைத் தோண்டிய குழிகளில்
தாழை நாற்பது, நீர்மருது பன்னிரண்டு, ஓரமாக நொச்சி.
ஆடு மேய்ந்தது போக
தாழை இருபத்தேழு.

குஞ்சு பொரிந்ததை நான் பார்க்கவில்லை.
ஒரு காலை, கறுப்புப் பஞ்சு போல ஐந்து
தாயின் பின்னால் டியூபைத் தாண்டிப் போயின.
ஆறாவது கூட்டிலேயே கிடந்தது.

தண்ணீர் இரவு இரண்டே காலுக்கு வந்தது.
நுரைக்கு முன்னே தவளைச் சத்தம் வந்தது.
முதல் பலகையைத் தூக்கினேன்.
கயிறறுந்த வளையம் இருட்டில் வந்து
மதகில் முட்டி நின்றது.
கொத்து பெருத்து டியூபுக்கு வெளியே பிதுங்கியிருந்தது.
டார்ச் வெளிச்சத்தில் நடுவில் ஊதாப்பூ.
அழகுதான். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இடுப்பளவு நீரில் இறங்கி
அந்த ஒற்றை முட்டையை எடுத்துக் கரையில் வைத்தேன்.
பிறகு மெதுவா,
வேரோடு.

விடிந்ததும் புத்தகத்தில் எழுதினேன்:
நீர்வரத்து 2.15. மட்டம் ஒன்றே கால் அடி. திறந்த பலகை ஒன்று.
குறிப்பு என்ற கட்டம் சின்னது.
'களை இல்லை' என்று எழுதி,
அடித்து,
'இன்றைக்கு' என்பதை முன்னால் சேர்த்தேன்.