ஒன்றுக்கு எண்பத்தேழு

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது.
அதனால் சாப்பாட்டு மேசைமேல் ஒன்று ஓடுகிறது.

ஜல்லிக்கு கிரானைட் பட்டறைத் தூள்,
டீ வடிகட்டியில் இரண்டு முறை சலித்தது.
சையத் பாஷா மலை தெர்மாகோல்;
உச்சியில் ஓர் ஆடு, துவரம்பருப்பு அளவு.
மஞ்சள் பலகையில் கிருஷ்ணகிரி என்றெழுத
நாலே முடி மிஞ்சிய தூரிகை,
தீபாவளி விடுமுறை முழுவதும்.

லண்டன்பேட்டை மண்டபத்தில் கண்காட்சி.
சேலத்துக்காரரின் ஜெர்மன் எஞ்சின் புகைகூட விட்டது,
கூட்டம் அங்கேதான்.
என் மேசைக்கு வந்தவர் முனிரத்தினம்,
ராயக்கோட்டை பக்கம் கீமேன்,
வேலை முடிந்த உடுப்போடு.

மலையைப் பார்க்கவில்லை, ஆட்டையும்.
தண்டவாளத்தோடு கன்னம் ஒட்டுகிற மாதிரி சாய்ந்து
ஒரு கண்ணை மூடி,
"மூணாவது ஜாயிண்ட்ல இடைவெளி ஜாஸ்தி" என்றார்.

சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.
மூன்றாவது இணைப்பில்
கடைசிப் பெட்டி கவிழ்ந்தது.

பிள்ளைகள் கைதட்டினார்கள்.
அவர் மட்டும் கையைத் தூக்கினார்,
சிவப்புக் கொடி பிடிக்கிற அதே உயரத்துக்கு.

நிறுத்தினேன்.
அவர் திருப்புளி கேட்டார்.
பதினோரு நிமிடம்
எங்கள் ஊரில் ரயில் தாமதம்.