வராக்கடன்

ஒன்பது குழிதான். மூங்கில் கம்பில் கட்டிய கொடிகளில்
மூன்று சாயம் போனவை, ஒன்று உரச்சாக்குத் துண்டு.
பூப்பாறைக்கு மேலே, ஏலக்காட்டுக்கும் வானத்துக்கும் நடுவில்
எந்தத் துரையோ வெட்டிவைத்துப் போன மைதானம்.
மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்வது.
சமமாக ஒரு முழம் நிலம் கிடையாது.
இடது கால் மேட்டில், வலது கால் பள்ளத்தில்,
நடுவில் என் தொப்பை
எந்தக் கட்சியிலும் சேராமல்.

போடியில் ஏலக்காய் கமிஷன் மண்டி எனக்கு.
சர்க்கரை ஏறியதும் டாக்டர் நடக்கச் சொன்னார்.
"வெறுங்கையோடு நடப்பானேன்?" என்றான் தங்கச்சன்.
அவன் மாமனார் விட்டுப்போன மட்டைகள் ஏழு இருந்தன,
ஒன்றின் கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது.
ஞாயிறுதோறும் கொண்டை ஊசிகளை ஏறி வந்து
அந்த ஏழோடு நடக்கிறேன்.

பை தூக்க இசக்கியம்மா.
வாரநாளில் இதே புல்லை வெட்டுகிறவள்;
புல் அவள் பேச்சைக் கேட்கும்.
அட்டைக்கு உப்பும் புகையிலையும் அவள் இடுப்பில்.
குழியருகே நான் குந்திக் கண்ணைச் சுருக்கினால்
"அங்க என்ன பாக்கீக? ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனா
எங்குட்டு ஓடும்னு யோசிங்க" என்பாள்.
யோசிப்பேன். தண்ணீர் வலப்பக்கம் ஓடும்.
பந்து இடப்பக்கம் போகும்.
"ராத்திரி பன்னி நோண்டிருக்கு" என்பாள், என் மானத்துக்காக.

கொட்டகைச் சுவரில் பெயிண்டில் சட்டங்கள்:
யானைத் தடத்தில் விழுந்தால் தண்டமின்றி எடுத்து வைக்கலாம்.
யானையே நின்றால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

ஆறாவது குழி மலையின் முதுகெலும்பின் மேல்.
இந்தப் பக்கம் பெய்தால் பன்னியாற்றுக்கு,
அந்தப் பக்கம் பெய்தால் கொட்டக்குடி ஆற்றுக்கு.
நடுவில் பாசி பிடித்த எல்லைக்கல்.
என் பந்துக்கு எப்போதும் வலப்பக்கம்தான் பிரியம்.
அடிப்பது கேரளத்தில், விழுவது தமிழ்நாட்டில்,
செக்போஸ்ட்டில் நிற்காமல்.
இதுவரை முப்பத்தொன்று, இசக்கியம்மா கணக்குப்படி.
என் பேரேட்டில் இதற்கு வராக்கடன் என்று பெயர்.

அந்தப் பத்தியில் தங்கச்சனும் இருக்கிறான்.
முந்தைய வறட்சியில் வாங்கிய முன்பணம்.
முதல் குழியில் கேட்டுவிடலாம் என்று நினைப்பேன்.
மூன்றாவதில் மூச்சு வாங்கும்.
ஐந்தாவதில் அவன் நன்றாக ஒன்று அடித்துவிட்டுச் சிரிப்பான்.
சிரிக்கிறவனிடம் எப்படிக் கேட்பது?

போன ஞாயிறு ஒரே மஞ்சு. கொடி தெரியவில்லை.
இசக்கியம்மா முன்னால் போய்க் குரல் கொடுத்தாள்,
குரலைப் பார்த்து அடித்தேன்.
மட்டையில் நல்ல சத்தம். ஆனாலும் வலப்பக்கம்.
மூன்று பேரும் விளிம்பில் நின்று பார்த்தோம்,
பார்க்க ஒன்றுமில்லாத வெள்ளையை.
"முப்பத்திரண்டு" என்றான் தங்கச்சன்.
வேறு பந்துக்காகப் பைக்குள் கைவிட்டேன்.

கீழேயிருந்து பந்து வந்தது.

யாரோ எறிந்தது. மஞ்சிலிருந்து கிளம்பி
எங்கள் தலைக்கு மேல் ஒரு கணம் தயங்கி
இசக்கியம்மா காலடியில் விழுந்தது.
"யாருப்பா அது?" என்று நான் கத்தினேன்.
"ஆராடா?" என்று தங்கச்சன் கத்தினான்.
இரண்டு பாஷைக்கும் ஒரே இருமல் பதிலாக வந்தது.
பிறகு அதுவும் இல்லை.

எடுத்துப் பார்த்தால் என் பந்தில்லை.
பழுப்பேறியது, நீல மையில் இரண்டு கோடு,
எவரோ எப்போதோ தொலைத்தது.
சுவரில் இதற்குச் சட்டம் கிடையாது.
தண்டம் உண்டா இல்லையா என்று தங்கச்சன் ஆரம்பித்தான்.
"மாத்திக் குடுத்திருக்காக,
வாங்கிக்கிட்டு ஆடுங்க" என்றாள் இசக்கியம்மா.

மிச்சம் நாலு குழியும் அதோடுதான் ஆடினேன்.
நேராகப் போனது என்று சொன்னால் பொய்.

ஒன்பதாவது முடிந்ததும் தங்கச்சன்
ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு
ஷூ லேஸைக் குனிந்து கட்டத் தொடங்கினான்,
கட்டியிருந்ததை அவிழ்த்து, மறுபடி.
நான் கணுக்காலைப் பார்த்தேன். இரண்டு அட்டை.
இசக்கியம்மாவிடம் உப்பு தீர்ந்திருந்தது.