தக்காளிக்குப் போட்ட சாய்தளம்

தருமபுரி பெரியாஸ்பத்திரியில்
முட்டியைத் தட்டி, நாடா பிடித்து அளந்து
எழுபத்தைந்து சதவீதம் என்று எழுதினார் டாக்டர்.
எதில் எழுபத்தைந்து என்று கேட்டேன்.
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.
பத்தாவதில்கூட நான் இவ்வளவு வாங்கியதில்லை.

பெரியம்மாவிடம் வேறு கணக்கு.
நான் வயிற்றில் இருந்த மாசம்
அப்பா ஒரு நல்ல பாம்பை அடித்தாராம்.
பாம்புக்கும் எனக்கும் நடுவே
போடாமல் விட்ட சொட்டு மருந்து ஒன்று உண்டு,
அதை அவள் சொல்வதில்லை.

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில்
சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.
டிபன் மூடியில், ஊறுகாய்க்குப் பக்கத்தில்
ஐந்து ரூபாய் விழுந்தது.
போட்டவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.
திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.
நான்தான் அவருக்கு ஏதோ போட்ட மாதிரி இருந்தது.

மாதேஷ் மண்டியில் ஒன்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன்.
மண்டிக்கு மூன்று படி.
மூன்று சக்கர வண்டியைக் கீழே விட்டு
கையூன்றி, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறணும்.
நேற்று நசுங்கின பழம் சேலையில் ஒட்டும்.
அவசரமென்றால் சென்னப்பன் தூக்கி வைப்பான்,
"ரெண்டு பெட்டி கனம்கூட இல்லியே அக்கா."
படி உசரம் என்று யாரும் சொன்னதில்லை.
என் காலைப் பற்றியே பேச்சு.

போன ஆடியில் ஓசூரிலிருந்து
தள்ளுவண்டிகள் நாலு வந்து இறங்கின.
படியில் ஏறவில்லை.
பகல் பதினோரு மணிக்கு மேஸ்திரி வந்தான்,
நாலு மூட்டை சிமெண்ட், ஒரு டிராக்டர் ஜல்லி.
பொழுது சாய்வதற்குள் படியைக் காணோம்.
பழம் குலுங்கக் கூடாதாம்.

ஈரச்சாக்கு எடுத்த அன்றைக்கு
வெள்ளி முளைக்கும் முன்னே போய்
என் வண்டியைத் திருப்பினேன்.
நாலு மிதி.
மேலே நின்றதும் காலைத் தொட்டுப் பார்த்தேன்.
அதே கால்.

நாலு மிதியா? கைமிதி வண்டிக்கு வேறென்ன சொல்ல,
கையால்தான் மிதித்தேன்.

மாதேஷ் வந்தார். "அட, உனக்கும் ஆச்சு பார்" என்றார்.
ஆச்சுங்க என்றேன்.
ஒன்பது வருஷத்தை இறக்கி வைக்க நேரமில்லை,
ஏலம் தொடங்கிவிட்டது,
முதல் ரகம் பெட்டி நானூற்று இருபது.

சான்றிதழ் புதுப்பிக்கப் போகும்போது
அந்த டாக்டரிடம் கேட்கணும்,
மண்டிக்குள் நான் எத்தனை சதவீதம்,
பின்னால் கக்கூசுக்குப் போகிற வழியில் எத்தனை என்று.

அங்கே ஒரு படி இருக்கிறது.
அந்தப் பக்கம் தக்காளி போவதில்லை.