தண்ணீர் சுமப்பவன்

வாதிக்கு ஐந்து சாடி.
பிரதிவாதிக்கும் ஐந்து சாடி.
ஒரு கை குறைந்தாலும்
என் முதுகு கணக்குச் சொல்ல வேண்டும்.

ஏதென்ஸ் நகரத்து நீதிமன்றம்.
இருநூற்று ஒரு பேர் பலகையில் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள்:
வெங்காயம் மணக்கிறவன், தோல் பதனிடுகிறவன்,
வரும்போதே தூங்கிவிட்ட ஒரு கிழவன்.
ஆளுக்கொரு வெண்கல வில்லை, அதில் அவன் பெயர்.
குலம் பார்க்காமல், காசு பார்க்காமல்
குலுக்கல் எடுத்த நீதிபதிகள்.
குலுக்கலில் போட என்னிடம் வில்லை இல்லை.

வாதி, அத்திப்பழம் விற்கும் மிக்கியோன்.
அவன் தோட்டத்து மதில் ஓர் இரவில் இடிந்தது.
எதிரே கப்பல்காரன் லிசிதேயோஸ்,
கையில் காசுக்கு எழுதி வாங்கிய பேச்சு,
ஒவ்வொரு சொல்லும் எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தது.

மிக்கியோனுக்குத் திக்குவாய்.
திக்குகிறவனுக்கென்று தண்ணீர் மெல்லச் சொட்டுமா?
"ம... ம... மதில்" என்று அவன் கரையேறுவதற்குள்
அரைச் சாடி போய்விட்டது.

சட்டத்தை வாசிக்கும்போது மட்டும்
காவல் குடிமகன் குழாயை விரலால் அடைப்பான்.
நீர் நிற்கும்.
அந்த நேரத்தில்தான் மிக்கியோன் மூச்சு வாங்கினான்.

மதிலை இடித்ததைப் பார்த்தவன் ஒருவன் உண்டு:
லிசிதேயோஸ் வீட்டு அடிமை சங்காரியோஸ்.
என் ஆற்றங்கரைக்காரன், என் மொழிக்காரன்.
அவன் சொல் இங்கே செல்ல வேண்டுமானால்
முதலில் அவனைச் சக்கரத்தில் கட்ட வேண்டும்.
எலும்பு விலகினால்தான் எங்கள் வாயில் உண்மை.

"க... கட்டிக் கேளுங்கள்" என்றான் மிக்கியோன்.
நல்லவன். போன மாதம்
எனக்கு இரண்டு பழம் கொடுத்தவன்.

"தரமாட்டேன்" என்றான் கப்பல்காரன்.
"இருநூறு திராக்மா கொடுத்து வாங்கியது."

விலை காப்பாற்றியது என் ஊர்க்காரனை.
யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல்
அடுத்த ஐந்து சாடியை அளக்கப் போனேன்.

உச்சி வெயில். விடியலிலிருந்து
ஊருக்கெல்லாம் தண்ணீர் சுமந்த தொண்டை.
அளந்த பிறகு, ஊற்றுவதற்கு முன்,
யாரும் பார்க்கவில்லை,
ஒரு கை அள்ளிக் குடித்தேன்.

லிசிதேயோஸ் அழகாகப் பேசினான்.
கிழவன்கூட விழித்துக்கொண்டான்.
முடிவுக்கு வந்து, சால்வையைத் தோளில் ஏற்றி,
இரு கைகளையும் விரித்து,
"ஏனென்றால் பெரியோர்களே, நம் நகரத்தில்
சட்டத்தின் முன்னே எல்லோரும்..."

சொட்டு நின்றது.
காவல்காரன் கையைத் தூக்கிவிட்டான்.

மிச்சமிருந்த சொல்
என் வயிற்றில் குளிர்ந்து கிடந்தது.