கீழ் வலது மூலை

வியாழன், ஐந்தாம் பீரியட்.
டூங்காபி பள்ளி நூலகத்தில்
ஹீட்டர் இருமிக்கொண்டிருந்தது.
இரவலும் திருட்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று
எட்டாம் வகுப்புக்குக் காட்ட வந்திருந்தேன்.

திரையில் ஒரு மேக்பை.
இறக்கை விரித்து, அலகு திறந்து
நேராக நம் கண்ணுக்கே பாய்கிறது.
செப்டம்பரில் சைக்கிள்காரர்கள்
ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் முட்கள் செருகிப் போவது
இதற்குப் பயந்துதான்.
மேலே தடித்த எழுத்தில் என் வாசகம்:
‘அடுத்தவர் உழைப்பை எடுத்தால் சட்டம் பாயும்.’
மூன்று வருடமாக அதே பறவை,
அதே இடத்தில் அதே சிரிப்பு.

இந்த முறை மெலே கை தூக்கினாள்.
அவள் பேசுவதே அபூர்வம்.
மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.
“மிஸ், இதுல ஒரு பேர் இருக்கு.
உங்க படத்துல இல்ல.”

கீழ் வலது மூலையில்
எறும்பு வரிசை போல:
ஆர். கெஸ்லர், டப்போ.

‘நெட்டில் அப்படித்தான் கிடைத்தது’
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
போன டெர்மில் மூன்று பையன்கள்
இதையேதான் சொன்னார்கள்.
ஒரே எரிமலைக் கட்டுரை, ஒரே எழுத்துப்பிழை.
பூஜ்யம் போட்டேன். வீட்டுக்குக் கடிதமும் அனுப்பினேன்.

ஆனால் விரலுக்கு ஞாபகம் இருக்கிறது.
ஞாயிறு இரவு. குக்கரில் மூன்றாம் விசில்.
தலைப்புக்கு இடம் போதவில்லை.
படத்தின் சட்டத்தைப் பிடித்து
(அதற்கும் நம் மொழியில் அதே சொல்தான்)
உள்ளே தள்ளினேன், இன்னும் கொஞ்சம் உள்ளே.
பெயர் போயிற்று.
திருடுவதாகத் தோன்றவே இல்லை.
நகம் வெட்டுவது போலத்தான் இருந்தது.

“நான்தான் வெட்டினேன்” என்றேன்.

ஹீட்டர்கூட நின்றது என்று எழுதினால்
அழகாக இருக்கும்.
நிற்கவில்லை.

“அப்போ உங்களுக்கு எத்தனை மார்க், மிஸ்?”
டார்சி.
ஓட்டெடுத்தோம்.
இருபத்தாறு பேரில் இருபத்து மூன்று பேர் பூஜ்யம்.
எரிமலைப் பையன்கள் மூவர் மட்டும்
பாதி மார்க் போடலாம் என்றார்கள்.

கெஸ்லருக்கு எழுதினேன்.
மன்னிப்பே இரண்டு பத்தி வந்தது.
பதினோரு நாள் கழித்துப் பதில்:
ஒரு பில். நாற்பது டாலர். வங்கிக் கணக்கு எண்.
பரவாயில்லை என்று ஒரு சொல் இல்லை.
கட்டினேன்.
கட்டியபின் கொஞ்சம் கோபமும் வந்தது, மறைப்பானேன்.

இப்போது திரையில் முழுப் படம்.
பெயரோடு சேர்த்து நான் வெட்டியெறிந்த மூலையில்
புல்லுக்குள் ஒரு குஞ்சு.
கூட்டிலிருந்து விழுந்து
வாய் பிளந்து கிடக்கிறது.
பறவை ஏன் பாய்கிறது என்பதையும்
மூன்று வருடம் நான் காட்டவே இல்லை.

“பாருங்கள், தாய்ப்பறவை” என்றேன்,
குரல் கொஞ்சம் இளகி.

“பாயறது அப்பா பறவைதான், மிஸ்” என்றாள் மெலே.
“எங்க படிச்சேன்னு எழுதித் தரவா?”