காயுமுன்

தண்டினோங்கில் ஜூலைக் குளிர்.
கராஜ் கதவைப் பாதி தூக்கிவிட்டு
அப்பாவை வரைந்தேன்.
ஹீட்டர் அவர் பக்கம்.

பதினேழு வருடம்
ஊரார் வீட்டுச் சுவர்களுக்குப் பெயின்ட் அடித்தவர்.
வெள்ளையில் எத்தனை வெள்ளை என்று
இருட்டிலும் சொல்வார்.

கன்னத்தில் பச்சை வைத்தேன்.
கண்ணுக்குக் கீழே கத்தி அகலத்துக்குக்
கத்தரிப்பூ நிறம்.
காதை வேண்டுமென்றே பெரிதாக்கினேன்,
ஏணியில் நின்றபடி
எத்தனை குடும்பச் சண்டைகளைக் கேட்டிருக்கும்.
வாயை மட்டும் மூன்று தரம் சுரண்டியெடுத்தேன்.

முழங்காலைப் பிடித்தபடி எழுந்து வந்தார்.
முகத்தைப் பார்க்கவில்லை,
கன்வஸின் ஓரத்தைப் பார்த்தார்.
"பிரைமர் போட்டனியோ?
இது உரியும், பிள்ளை."

பிறகு, வேலைப் பழக்கத்தில்,
காய்ந்துவிட்டதா என்று
பெருவிரலால் கன்னத்தைத் தொட்டார்.
பச்சை விரலோடு போய்விட்டது.
காற்சட்டைத் தொடையில் துடைத்தார்,
ஏற்கெனவே இருபது வீடுகள்
ஒட்டிக் கிடந்த இடத்தில்.

அந்தப் பள்ளத்தை நான் நிரப்பவில்லை.

இரவு வேலை முடிந்து வந்த அம்மா
ஷூவைக் கழற்றாமலே குனிந்து பார்த்தாள்.
"ஆர் இவருக்கு அடிச்சது?"

"நான்தான்" என்றார் அப்பா.